கண்ணி முடிக்கும் சொல்

2003-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் நெல்லித்தோப்பு தனிஸ்லாஸ் வீட்டு மருமகள் லினெட் ஒரு நீல நிற உல்லன் துண்டைப் பின்ன ஆரம்பித்தாள். அது முடியவும் இல்லை, அவளை வெளியே விடவும் இல்லை. துண்டின் ஒரு முனை கூடத்து ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. மறுமுனை ஊசியில் இருந்தது. ஊசியிலிருந்து நூல்பந்துக்குப் போகிற இழை அவளுடைய இடதுகை ஆள்காட்டி விரலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போயிற்று, அந்தச் சுற்று கழலவில்லை. துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் அவள் நடக்கலாம். முதலில் கூடத்திலிருந்து சமையல்கட்டு வரைக்கும் எட்டியது. செப்டம்பரில் மாதா பிறந்தநாள் சமயத்தில் கிணற்றடி வரைக்கும். அதற்கப்புறம் வாசல் கேட் வரைக்கும். தெருவில் இதைப்பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மழை சரியாகப் பெய்யாமல், குழாயில் தண்ணீர் வராததுதான் எல்லோருக்கும் பேச்சாக இருந்தது.

லினெட் குருசுக்குப்பத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா லூர்துசெல்வி மீன் விற்று, மகளையும் நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஓட்டுகிற மகன் நெல்சனையும் ஆளாக்கினாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு சொல்தா வீட்டிலிருந்து சம்பந்தம் வந்ததைக் குப்பத்தில் பலரும் நம்பவில்லை. தனிஸ்லாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மகள் ஜூஸ்தினும் மகன் கிளமானும் பிரான்சில் இருந்தார்கள். மனைவி இறந்துபோனபின் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் யாராவது தூக்கி விட வேண்டும். கிளமானுக்கு அவசரமாகப் பெண் பார்த்ததன் காரணம் கல்யாணத்துக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, லினெட்டுக்கும் தெரிந்திருந்தது. கிளமான் ஒரு மாதம் இருந்தான், நல்லவனாகத்தான் இருந்தான், விசா வந்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

ஆகஸ்டில் ஜூஸ்தின் வக்கான்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, வந்தாள். வெயில் தாங்காமல் மத்தியான வேளைகளில் அவளுக்குப் பொழுது போகவில்லை. "அங்க குளுரு எப்படின்னு உனக்குத் தெரியாது, லினெட். போறதுக்குள்ள கிளமானுக்கு ஒரு எஷார்ப் பின்னி எடுத்துக்கோ" என்று சொல்லி, தன் பெட்டியிலிருந்து இரண்டு நீண்ட ஊசிகளையும் நீல நூல்பந்து ஒன்றையும் எடுத்தாள். எஷார்ப் என்றால் கழுத்தில் சுற்றுகிற துண்டு. பின்னலுக்கு ஆரம்பத்தில் வேண்டிய வார்த்தைகள் ஒரு கைப்பிடிதான் என்றாள் ஜூஸ்தின். ஊசியில் நிற்கிற ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. பிரெஞ்சில் அதை 'மாய்' என்றாள், லினெட்டுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. முதலில் ஊசியில் கண்ணி ஏற்ற வேண்டும். நூலைப் பின்னால் வைத்துக் குத்தி எடுத்தால் நேர்க்கண்ணி, முன்னால் கொண்டுவந்து குத்தி எடுத்தால் எதிர்க்கண்ணி. ஊசி காலியானால் ஒரு வரிசை முடிந்தது என்று அர்த்தம், துண்டைத் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசையைத் தொடங்க வேண்டும். கவனம் தப்பினால் கீழே விழுவது நழுவிய கண்ணி, அதை உடனே தூக்கிவிட வேண்டும். ஒரு கண்ணியில் இரண்டு எடுத்தால் துண்டு அகலமாகும், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக எடுத்தால் குறுகும். குல்லாய் பின்னும்போதுதான் அது வேண்டியிருக்கும், இப்போது வேண்டாம் என்றாள். வலை சீராக்கிப் பழகிய விரல்கள் என்பதால் லினெட்டுக்கு எல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது. இழுப்பு சரியாக இருக்கட்டும் என்று நூலின் தொடக்க முனையை ஜூஸ்தினே ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டாள். துண்டை எப்படி முடிப்பது என்பது மட்டும் பாக்கி இருந்தது. அவள் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து டாக்ஸி முன்னதாகவே வந்துவிட்டது. "அது ரொம்ப சுலபம், போன்ல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஜூஸ்தின் மெட்ராஸ் விமான நிலையத்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிய லினெட், ஊசியைக் கீழே வைக்கப் பார்த்தபோது கண்ணிகள் ஊசியைவிட்டு இறங்கவில்லை, இழை விரலைவிட்டு வரவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி கத்தரிக்கோல் கொண்டுவந்து நூலை வெட்டினாள். வெட்டியது வாஸ்தவம், ஆனால் அவள் கத்தரிக்கோலை மேஜைமேல் வைப்பதற்குள் நூல் ஒட்டிக்கொண்டது. தச்சர் கலியபெருமாள் வந்து, முடிச்சுப் போட்டிருந்த ஜன்னல் கம்பியையே அறுத்து எடுத்தார். ரம்பத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் முடிச்சு அடுத்த கம்பியில் இருந்தது. எல்லாக் கம்பியையும் அறுத்தால் திருடன் வருவான் என்று தனிஸ்லாஸ் தடுத்துவிட்டார். பந்து மட்டும், எவ்வளவு பின்னினாலும் வந்த அன்று இருந்த அளவிலேயே இருந்தது. கடைசியில் மடத்திலிருந்து ஈனெஸ் அம்மாளை அழைத்துவந்தார்கள். அந்தக் கன்னிகாஸ்திரீக்கு உல்லன் வேலை அத்துப்படி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணிகளை ஒவ்வொன்றாக முடித்துக் காட்டினார். முன்னால் ஒரு கண்ணி முடிய, பின்னால் ஒரு கண்ணி ஊசியில் ஏறியது. லினெட்டின் கையைப் பிடித்துச் செய்யவைத்துப் பார்த்தார், அப்போதும் அப்படியே. ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏத்திவிட்டவங்க எறக்கிவிடணும்மா. மொத வார்த்தைய யாரு சொன்னாங்களோ அவங்களே கடைசி வார்த்தையும் சொல்லட்டும்" என்றார். சமையலில் உப்பு குறைவு என்பதுபோலத்தான் சொன்னார்.

ஜூஸ்தின் தெரிந்தே செய்தாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். முதலில் தெரியாது, தெரிந்தபின் அவள் அதை மாற்றவில்லை என்பதுதான் உண்மை. ஞாயிறுதோறும் போன் செய்தாள். துண்டு இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்றாள், இப்போது வேலைக்கு நேரமாகிறது என்றாள், வரும் வாரம் நிதானமாகச் சொல்கிறேன் என்றாள். அக்டோபரில் லினெட் விசாவுக்கு நேரில் வர வேண்டும் என்று தகவல் வந்தது. குறித்த நாளில் அவள் கல்யாணத்துக் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஊசியையும் பந்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கேட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும் விரல் பின்னுக்கு இழுத்தது. வரவழைத்திருந்த ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு சவாரிக்குப் போனார். லினெட் அந்த இடத்திலேயே நின்று பின்னிக்கொண்டிருந்தாள். அந்தி மணி அடிக்கும்போது அவள் அஞ்சலாட்சி வீட்டு முருங்கைமரம் வரைக்கும்தான் போயிருந்தாள்.

அந்த மரத்தடியில்தான் அவளுக்குக் கண்ணியைக் குறைக்கிற வித்தை ஞாபகத்துக்கு வந்தது. அகலமான துண்டை யார் கேட்டார்கள்? இரண்டிரண்டாகச் சேர்த்து எடுத்து, எடுத்து, கடைசியில் ஊசியில் மூன்றே கண்ணிகள் நிற்கும்படி செய்தாள். ஒரு கண்ணிக்குக் குறுக்கினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது, அதனால் மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். அதன்பிறகு துண்டு ரிப்பன் மாதிரி ஓட ஆரம்பித்தது. மாமனாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே பின்னினாள், அவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் படுக்கவைத்துவிட்டுப் பின்னினாள். பொங்கலுக்குத் தெருமுனை மளிகைக் கடைக்கு அவளே போய் வெல்லம் வாங்கினாள். ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலத்தில் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போய் மீன்காரப் பெண்களிடம் அம்மாவுக்குச் செய்தி சொல்லிவிட்டாள். பின்னலை ஒரு கோணிப்பையில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நடக்க நடக்க அவிழ்த்துவிட்டுப் போவாள். திரும்பும்போது சுருட்டிக்கொண்டே வருவாள். டவுன் பஸ் அதன்மேல் ஏறிப்போனால் ஒன்றும் ஆகவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள், "இன்னிக்கு எது வரைக்கும்?" என்று விசாரிக்கப் பழகினார்கள். எது வரைக்கும் என்றாலும், மாமனாருக்கு மருந்து கொடுக்கிற நேரத்துக்குள் அவள் திரும்பிவிட வேண்டியிருந்தது.

அந்த 2004-ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. லினெட் காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தாள். குருசுக்குப்பம் போய்விட்டது என்று யாரோ சொன்ன அந்த நிமிஷமே கிழக்கே ஓடினாள். கோணிப்பையிலிருந்து நீலம் அவிழ்ந்துகொண்டே வந்து, அண்ணா சாலை முனையில் தீர்ந்தது. விரல் இழுத்ததில் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தாள். எதிரே ஊரே மேற்கு நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஈரப் புடவையோடு, ஒரு கால் செருப்போடு. அவள் மூடியிருந்த ஒரு துணிக்கடையின் படியில் உட்கார்ந்து பின்னத் தொடங்கினாள். நேர்க்கண்ணி மூன்று, திருப்பு, எதிர்க்கண்ணி மூன்று, திருப்பு. கடந்து போகிறவர்களிடமெல்லாம் குருசுக்குப்பம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், ஆளுக்கொன்று சொன்னார்கள். விரலில் ரத்தம் வந்தது, நூலில் பட்டது, அவள் நிறுத்தவில்லை. ஒரு கடையைத் தாண்டினாள், பின் இன்னொரு கடை. மத்தியானத்துக்கு மேல் சட்டை இல்லாமல் நெல்சன் சைக்கிளில் வந்தான்.

"அம்மா மாடியில ஏறிடுச்சி. வூடு இல்ல, வல இல்ல. அம்மா இருக்குது" என்றான்.

"நான் வர்றேன்னு சொல்லு."

நெல்சன் அவள் கையில் இருந்த பின்னலைப் பார்த்தான், மீதி இருந்த சாலையைப் பார்த்தான். "எப்போ வருவ?" என்று கேட்டான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் மாமனார் நாற்காலியில் இருப்பார் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவள் பின்னலைச் சுருட்டிக்கொண்டே நெல்லித்தோப்புக்குத் திரும்பி நடந்தாள். அந்த நடை நடந்தபோதுதான் அவளுக்கு அந்த வீட்டின்மேல் முதல்முறையாக வெறுப்பு வந்தது.

தனிஸ்லாஸ் வேட்டியிலேயே ஒன்றுக்குப் போயிருந்தார். அவள் சுத்தம் செய்து வேட்டி மாற்றிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. அவர் காதுக்கும் கேட்க வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டே பேசுவது வழக்கம். ஜூஸ்தின் டிவியில் பார்த்திருந்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு? தண்ணி அங்கல்லாம் வரலியே?"

"இங்க வரல அண்ணி. எங்க வூடு போயிடுச்சி."

"அப்பா சாப்பிட்டாரா?" என்றாள் ஜூஸ்தின்.

"அந்த வார்த்தையச் சொல்லுங்க அண்ணி. நான் எங்கம்மாவப் போய்ப் பாக்கணும்."

"சொல்லிட்டா நீ போயிடுவ. அப்பாவ யாரு பாப்பா? நானு இங்க வேலைய வுட்டுட்டு வர முடியுமா, நீயே சொல்லு."

தனிஸ்லாஸ் இடதுகையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். பட்டாளத்துக் குரலில் பிரெஞ்சில் நாலு வார்த்தை பேசினார். அதில் ஜூஸ்தின் என்ற பெயர் மட்டும்தான் லினெட்டுக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, சொல் வரவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் மகளோடு பேசவில்லை. அன்றைக்கு லினெட்டிடம், "நான் கெடக்கறேன், நீ போம்மா. ஒரு வேள பட்டினியா இருந்தா செத்துட மாட்டேன். வேணும்னா துண்ட இழுக்கறேன்" என்று சொல்லி, ஜன்னல் ஓரமாகத் தன் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னார்.

மாட்டுப் பொங்கலன்று நீலத் துண்டு குருசுக்குப்பம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அம்மாவைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். லினெட் காலையில் சமைத்து வைத்துவிட்டு அங்கே போவாள், அம்மாவின் மீன்கூடைக்குக் கை கொடுப்பாள், மாலையில் திரும்புவாள். பின்னல் நாள் முழுக்க ஊரின் குறுக்கே கிடந்தது. காந்தி வீதிக் கடைக்காரர்கள் அவரவர் கடை முன்னால் ஓர் ஆணி அடித்து அதைத் தலைக்குமேல் தூக்கி மாட்டிக்கொண்டார்கள். தனிஸ்லாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, துண்டின்மேல் இடதுகையை வைத்திருப்பார். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் லேசாக இழுப்பார். ஊரைத் தாண்டி அது அவள் விரலில் சுண்டும். எதற்கு இழுக்கிறார் என்று போகப் போக அவளுக்கு விரலிலேயே தெரிந்தது. பெரும்பாலும் அவர் இழுக்கவே இல்லை. இழுக்காமல் எவ்வளவு நேரம் பொறுத்திருந்தார் என்பது வீட்டுக்கு வந்து அவர் வேட்டியைப் பார்த்தால் தெரியும். கிளமானின் போன்கள் குறைந்தன, பின்பு அவன் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. லினெட் அதைப்பற்றிக் கேட்கவில்லை. விசாவுக்கு அவன் அனுப்ப வேண்டிய காகிதங்கள் வரவில்லை. ஊரின் பெயரைப் புதுச்சேரி என்று மாற்றினார்கள். அவளுடைய பாஸ்போர்ட் பாண்டிச்சேரி என்ற பெயரோடு பீரோவில் கிடந்தது. இருபத்தெட்டு வயதுப் பெண் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே கோட்டில் நடந்துகொண்டிருந்தாள். பீச்சுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ போக வேண்டுமென்றால் புதிதாகப் பின்ன வேண்டும், அதற்கு அவளுக்கு நேரமில்லை.

2007 மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், லூர்துசெல்விக்குப் புதிதாகக் கிடைத்த காலனி வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது லினெட்டின் விரலை யாரோ பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. சுண்டுவதுபோல இல்லை, நீளமாக, கனமாக ஓர் இழுப்பு. பின்பு தளர்ந்தது. அவள் கை கழுவாமல் எழுந்தாள். நெல்சன் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். தனிஸ்லாஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தார், துண்டு அவர் கைப்பிடிக்குள் இருந்தது. விரல்களைப் பிரித்து எடுக்க லினெட்டுக்கு வெகு நேரம் ஆயிற்று. வீடு இனி தன்னை விட்டுவிடும் என்று அவள் எண்ணியிருந்தாள். முடிச்சு கம்பியில் அப்படியே இருந்தது.

அடக்கத்துக்கு ஜூஸ்தினும் கிளமானும் வந்தார்கள். கிளமான் சிமித்தேரியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க எனக்கு ஒரு கொழந்த இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். "தெரியும்" என்றாள் லினெட். அன்றே தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். விரலில் இழையும், பின்னால் ஊரைக் கடந்து அந்த ஜன்னல் வரைக்கும் துண்டும் அவளோடு போயின.

வீட்டை விற்க ஜூஸ்தின் ஆள் பேசினாள். வந்து பார்த்தவர்கள் சுவரைத் தட்டினார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், ஜன்னலில் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "மறுபக்கம் ஆள் இருக்குதே" என்று போய்விட்டார்கள். அப்படி நாலு பேர் போனபிறகு ஒரு நாள் காலையில் ஜூஸ்தின் துண்டின்மேல் கை வைத்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினாள். மார்க்கெட்டையும் அண்ணா சாலையையும் காந்தி வீதியையும் கடந்து, உச்சி வெயிலில், முகமெல்லாம் சிவந்து, காலனி வீட்டு வாசலில் வந்து நின்றாள். லூர்துசெல்வி ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இவ்வளவு நீளமா?" என்றாள் ஜூஸ்தின்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள் லினெட்.

"மொதல்ல மறந்துதான் போனேன்." ஜூஸ்தின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். "அப்புறம் மறக்கல. நீ போயிருந்தா நானு வந்திருக்கணும். எனக்கு அந்த வூட்டுல இருக்க முடியாது, லினெட். சின்ன வயசுலேருந்தே முடியாது. ஊசிய எடு."

அவள் சொன்னது இவ்வளவுதான்: இரண்டு கண்ணி பின்னு, முதலில் பின்னியதைத் தூக்கி இரண்டாவதன்மேல் போட்டு வெளியே விடு, மறுபடி ஒன்று பின்னு, மறுபடி தூக்கிப் போடு, மிஞ்சுகிற ஒற்றைக் கண்ணிக்குள் நூலை விட்டு இழு. அதற்குப் பெயர் 'ரபாத்ர்'. லினெட் செய்தாள். ஊசியில் எதுவும் புதிதாக ஏறவில்லை. நூலைப் பல்லால் கடித்தாள், அறுந்தது. விரலில் சுற்றியிருந்த இழை தானாகக் கழன்று மடியில் விழுந்தது. அது இருந்த இடத்தில் மோதிரம் கழற்றிய தடம்போல வெளுத்து ஒரு பள்ளம் இருந்தது. அடுப்பில் வைத்த டீ இன்னும் கொதிக்கவில்லை.

"இதுக்குத்தானா?" என்றாள் லினெட். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அது எவ்வளவு பெரிய முடிச்சாக இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளோ, அவ்வளவும் கோபமாக வந்தது. ஜூஸ்தின் டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். தெருவுக்கு இறங்கியதும் இடம் வலம் தெரியாமல் நின்றாள்.

"துண்டப் புடிச்சிக்கிட்டே போங்க அண்ணி. நேரா அந்த வூட்டுக்குத்தான் போவும்."

ஜூஸ்தின் அப்படியே போனாள். அதற்கப்புறம் அவளை லினெட் பார்க்கவில்லை.

லினெட் உடனே எங்கும் போய்விடவில்லை. பல நாள் அவள் காலனி முனைவரைக்கும் நடந்துபோய், யாரும் இழுக்காமலே நின்று திரும்பினாள். பொங்கலுக்கு முன்பாக ஒரு காலையில் பஸ் ஏறினாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடதுகை விரல் விறைத்துக்கொண்டது, கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டியபோது அந்தக் கையால் வாங்க முடியவில்லை. நோணாங்குப்பத்தில் நெல்சன் தன் படகில் ஏற்றிக் கழிமுகம் வரை கூட்டிப்போனான். டூரிஸ்டுகள் இறங்கிப் போன பிறகும் அவள் படகிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கினாள், மணலில் தெற்குப் பக்கமாக நடந்தாள், நெல்சன் பார்த்துக்கொண்டே இருக்கச் சின்னதாகிக் கண்ணுக்கு மறைந்து, வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

இப்போது காலனிப் பெண்களுக்கு அவள் பின்னல் சொல்லிக் கொடுக்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்குக் கண்ணி ஏற்றுவதற்கு முன்பே முடிக்கக் கற்றுத் தந்துவிடுகிறாள். தான் ஏற்றி வைத்த கண்ணிகளைக் கொடுத்து, அதை முடித்துக் காட்டிய பிறகுதான் மற்ற வார்த்தைகள். நீலத் துண்டை எடுக்க யாராலும் முடியவில்லை, நகராட்சி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நெல்லித்தோப்பு வீட்டை வாங்கியவர்கள் அந்த ஜன்னலை மட்டும் மூடுவதில்லை. காந்தி வீதியில் தேர் வருகிற அன்று இரண்டு பேர் கவைக்கோலால் துண்டை உயர்த்திப் பிடிக்கிறார்கள், தேர் கடந்ததும் ஆணியில் திரும்ப மாட்டுகிறார்கள். மழையில் நனைந்தால் அது காய இரண்டு நாள் ஆகும். அதுவரை கீழே சொட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கடைக்காரர்கள் சாமான்களைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.